ஐம்பது எழுத்துக்குக் குறையாமல்

கல்லூரி வாசலுக்கு நேரெதிரே
ஜெராக்ஸ் கடை என்னுடையது.
தல்லாகுளத்தில் மே மாதம் என்றால்
மின்விசிறிக்கே வியர்க்கும்.

உளவியல் இளங்கலைக்கு நாற்பது இடம்.
பிளஸ் டூ தேறியிருந்தால் போதும்.
உயிரியல் படித்தவருக்கு முன்னுரிமை,
வணிகவியல் என்றாலும் வாங்கிக்கொள்வார்கள்.
மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ்,
வீட்டில் முதல் பட்டதாரி என்றால்
அதற்கும் ஒரு தாசில்தார் முத்திரை.
புகைப்படத்தில் இரண்டு காதும் தெரிய வேண்டும்.
இதெல்லாம் எனக்குத் தூக்கத்திலும் வரும்.
வராதது பதினான்காவது கட்டம்:
இப்பாடத்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?
ஐம்பது எழுத்துக்குக் குறையாமல்.

"நீங்களே ஏதாவது போட்டுருங்கண்ணே."

போட்டேன்.
மனித மனத்தைப் புரிந்துகொள்ளும் ஆர்வத்தாலும்
சமுதாயத்துக்குச் சேவை செய்யும் நோக்கத்தாலும்.
தனிக் கோப்பில் வைத்திருக்கிறேன்,
எடுத்து ஒட்டினால் வேலை முடிந்தது.
இந்த வாரம் முப்பத்தொரு பேர்
அதே ஆர்வத்தோடு விண்ணப்பித்தார்கள்.

காஜிமார் தெரு ஷிஃபானாவுக்கு
கணக்கு இல்லாத எந்த டிகிரியும் சரி.
(இரண்டாம் பருவத்தில் புள்ளியியல் உண்டு.
நான் சொல்லவில்லை.)

குபேந்திரனோடு அவன் அப்பா வந்தார்,
நகக்கண்ணில் சாயப்பட்டறை நீலம்.
"இதப் படிச்சா அடுத்தவன் மனசுல
என்ன இருக்குன்னு தெரிஞ்சிருமா?"
தெரியாதுங்க என்றேன்.
"அப்ப எதுக்குப் பணத்தக் கட்டிக்கிட்டு"
என்று எழுந்து வாசல்வரை போனவர்
மகன் முகத்தை ஒரு தடவை பார்த்தார்.
திரும்பி வந்து உட்கார்ந்து
சட்டைப் பையில் கைவிட்டார்.

செக்கானூரணியிலிருந்து பாண்டிமீனா
தனியாக வந்தாள்.
ஒவ்வொரு சான்றிதழுக்கும் மூன்று நகல்
ஊரிலேயே எடுத்துவிட்டாள்.
எனக்குப் பிழைப்பு தராத ரகம்.
மதிப்பெண் நானூற்று எண்பத்தாறு.
அப்பா பெயர், தொழில், ஆண்டு வருமானம்,
கேட்கக் கேட்கச் சொன்னாள்.
உடன்பிறந்தோர்?
"ஒண்ணு."
அடிக்கப் போனேன்.
"இல்லண்ணே, சைபர் போடுங்க."
எதும்மா சரி?
"ரேஷன் கார்டுல பேரு இன்னும் இருக்கு."

ஒன்று என்றே அடித்தேன்.
அவள் திரையைப் பார்த்தாள்,
மறுக்கவில்லை.

பதினான்காவது கட்டம்.
பழக்கத்தில் என் கோப்பைத் திறந்தேன்.
"அத நான் அடிக்கிறேன்" என்று
கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தாள்.
மிஷின் நாலு பக்கம் துப்பும் நேரம்
விரலை வைத்தாள், எடுத்தாள், வைத்தாள்.
கடைசியில் ஒரே ஒரு முற்றுப்புள்ளி.
குறைந்தது ஐம்பது எழுத்து என்று
சிவப்பில் கத்தியது திரை.
இன்னொரு புள்ளி வைத்தாள். இன்னொன்று.
பஸ் நடத்துனர் சில்லறை எண்ணுவதுபோல்
உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.
ஐம்பதில் சிவப்பு அணைந்தது.
கணினிக்குத் திருப்தி.

தள்ளிவிடுவாங்கம்மா என்றேன்.
"படிச்சாத்தான?"
ஐம்பது ரூபாயை மேசையில் வைத்தாள்.
முப்பது போதும் என்று மீதி கொடுத்தேன்.
எண்ணாமல் வாங்கிக்கொண்டாள்.

நேற்று பட்டியல் ஒட்டினார்கள்.
குபேந்திரன் பன்னிரண்டு.
ஷிஃபானா காத்திருப்பில் மூன்று.
பாண்டிமீனா ஒன்பது.

யாரும் படிக்கவில்லை போல.
அல்லது யாரோ படித்திருக்கிறார்கள்.

கட்டணம் கட்ட இன்று நாலு மணிதான் கடைசி.
அந்த 'ஒன்று' வேறு உறுத்துகிறது.
சான்றிதழ் சரிபார்க்கும் மேசையில்
யாராவது விரல் வைத்துக் கேட்டால்
அவள் என்ன சொல்லுவாள்?

மூன்றேகாலுக்கு ஸ்டூலை
வெளியே இழுத்துப் போட்டேன்,
பஸ் நிறுத்தம் தெரிகிற பக்கமாக.
சும்மா, காத்து வாங்க என்றேன் டீக்கடைக்காரனிடம்.
அவன் வாசல் வேம்பை அண்ணாந்து பார்த்தான்.
ஒரு இலை ஆடவில்லை.
ஒன்றும் கேட்காமல்
டீயைக் கொண்டுவந்து வைத்தான்.